தானியங்கிச் சுக்கானும் படகின் இயல்பும்

(கடல்சார் தொழிற்பயிற்சி மாணவர்களுக்கும் மீன்வளத் துறை அலுவலர்களுக்கும் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

படகு ஒன்றில் தானியங்கிச் சுக்கான் பொருத்தப்படும் நாளும், அது உண்மையில் பயன்படத் தொடங்கும் நாளும் ஒன்றல்ல. இவ்விரு நாட்களுக்கும் இடையே செய்ய வேண்டிய பணி ஒன்று உண்டு. படகைப் பற்றிய சரியான அளவுகளைக் கருவிக்குத் தெரிவிப்பது அப்பணியின் முதற்பகுதி. படகின் இயல்புக்கு இணங்கக் கருவியின் செயலைப் பக்குவப்படுத்துவது இரண்டாம் பகுதி. முன்னதை அளவமைப்பு என்றும், பின்னதை இசைவாக்கம் என்றும் குறிப்பிடலாம். வீணையில் தந்திகளைக் கட்டி முடித்த மாத்திரத்தில் கச்சேரி தொடங்கிவிடுவதில்லை. சுருதி சேர்க்க வேண்டியிருக்கிறது. தானியங்கிச் சுக்கானின் நிலையும் அதுவே.

இப்பணி பொறியாளர்களுக்கு மட்டும் உரிய நுணுக்கம் என்று கருதிவிடலாகாது. 2020-ல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா யோஜனாவின் கீழ், பாரம்பரிய மீனவர்கள் ஆழ்கடல் மீன்பிடி கலங்களைப் பெறுவதற்கு உதவி அளிக்கப்படுகிறது. கரையோரத்தில் பகலில் சென்று மாலையில் திரும்பும் தொழில் வேறு. பல நாட்கள் ஆழ்கடலில் தங்கிச் செய்யும் தொழில் வேறு. பின்னதில் இரவு முழுவதும் ஒருவர் சுக்கானைப் பிடித்தபடி நிற்க வேண்டும். நீண்ட தூண்டில் வரிசையை இறக்கும்போது படகு மணிக்கணக்கில் ஒரே திசையில் செல்ல வேண்டும். சிறு எண்ணிக்கையிலான பணியாளர்களைக் கொண்ட கலத்தில் தானியங்கிச் சுக்கான் ஓர் ஆளின் உழைப்பை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் தவறான அளவுகளுடன் விடப்பட்ட கருவி எரிபொருளை வீணாக்கும். சில வேளைகளில் படகையே ஆபத்தில் கொண்டுபோய் நிறுத்தும்.

சுக்கானியின் கையும் கணிதமும்

ஒரு கலத்தைத் தானே திசை பிடித்துச் செல்ல வைக்கும் முயற்சி, கைரோ திசைகாட்டி உருவான பின்னரே கைகூடியது. ஜெர்மனியில் ஹெர்மான் அன்ஷுட்ஸும் அமெரிக்காவில் எல்மர் ஸ்பெர்ரியும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்திசைகாட்டியை உருவாக்கினர். ஸ்பெர்ரியின் திசைகாட்டி 1911-ல் 'டெலாவேர்' என்னும் அமெரிக்கப் போர்க்கப்பலில் சோதிக்கப்பட்டது. 1920-களின் தொடக்கத்தில் அதனுடன் இணைந்து இயங்கும் தானியங்கிச் சுக்கானையும் அவர் கொண்டுவந்தார். மாலுமிகள் அதற்கு 'மெட்டல் மைக்' என்று பெயரிட்டு அழைத்தனர்.

இக்கருவிக்கு உறுதியான கணித அடிப்படையை அளித்தவர் ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நிக்கோலஸ் மினோர்ஸ்கி. 1922-ல் வெளியான அவருடைய கட்டுரை, தேர்ந்த சுக்கானி ஒருவர் எவ்வாறு கப்பலைச் செலுத்துகிறார் என்பதை நுணுகி ஆராய்ந்தது. அனுபவமுள்ள சுக்கானி மூன்று செய்திகளை ஒருசேரக் கவனிக்கிறார். கப்பல் தன் திசையிலிருந்து இப்போது எவ்வளவு விலகியிருக்கிறது என்பது முதற்செய்தி. அவ்விலக்கம் எவ்வளவு விரைவாகக் கூடுகிறது அல்லது குறைகிறது என்பது இரண்டாவது. காற்றோ அலையோ தொடர்ந்து ஒரே பக்கம் தள்ளுவதால் விலக்கம் நெடுநேரமாக ஒரு பக்கமே நீடிக்கிறதா என்பது மூன்றாவது. அளவு, வேகம், தொகை என்னும் இம்மூன்றுக்கும் தக்கவாறு அவர் சுக்கானைத் திருப்புகிறார். ஆலைகளில் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் கட்டுப்படுத்தும் எண்ணற்ற கருவிகள் இன்று இதே மூன்று உறுப்பு விதியின்படி இயங்குகின்றன.

மினோர்ஸ்கியின் அமைப்பு 1923-ல் 'நியூ மெக்சிகோ' என்னும் போர்க்கப்பலில் சோதிக்கப்பட்டு நல்ல பயன் தந்தது. எனினும் கப்பற்பணியாளர்களின் எதிர்ப்பால் அமெரிக்கக் கடற்படை அதை அப்போது ஏற்கவில்லை. கருவியின் தகுதி ஒன்றே அதன் பயனை உறுதிசெய்துவிடாது, அதைக் கையாள்பவர்களின் புரிதலும் நம்பிக்கையும் சேர்ந்தே அதை உறுதிசெய்கின்றன என்பதற்கு இது ஓர் ஆரம்பகாலச் சான்று.

கருவியின் உறுப்புகள்

இன்றைய சிறு படகுகளில் உள்ள தானியங்கிச் சுக்கானில் நான்கு உறுப்புகள் இருக்கும். படகின் முகப்பு எத்திசையை நோக்குகிறது என்று கூறுவது திசைகாட்டி உணர்வி. சுக்கான் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று கூறுவது சுக்கான் நிலைகாட்டி. இவ்விரண்டையும் ஒப்பிட்டு முடிவு செய்வது கணிப்பொறி. அம்முடிவின்படி சுக்கானைத் திருப்புவது எண்ணெய் அழுத்தத்தாலோ மின் மோட்டாராலோ இயங்கும் இயக்கி.

இந்நான்கனுள் முடிவெடுப்பது ஒன்றுதான். எடுக்கப்படும் முடிவு எவ்வளவு நுட்பமாயினும், திசைகாட்டியும் நிலைகாட்டியும் தரும் செய்தி பிழையாயின் விளைவும் பிழையாகவே இருக்கும். ஆகவே அளவமைப்பு முன்னதாகவும் இசைவாக்கம் பின்னதாகவும் அமைய வேண்டும். இவ்வரிசையை மாற்றினால், திசைகாட்டியின் குற்றத்தைச் சுக்கானின் குற்றமாக எண்ணி, ஒவ்வோர் அளவாக மாற்றி மாற்றி நாட்களைக் கழிக்க நேரிடும்.

துறைமுகத்தில் செய்ய வேண்டியவை

முதற்சோதனைகள் படகு கட்டப்பட்ட நிலையிலேயே செய்யப்படுகின்றன. சுக்கான் இணைப்புகளில் தளர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சக்கரத்தைச் சிறிது திருப்பியும் சுக்கான் அசையாவிட்டால், கருவி எவ்வளவு முயன்றாலும் நேராகச் செலுத்த இயலாது. எண்ணெய் அழுத்த அமைப்பாயின் குழாய்களில் காற்று தங்கியிருக்கக் கூடாது. காற்று அமுங்கும், எண்ணெய் அமுங்காது. காற்று கலந்த அமைப்பில் சுக்கான் மெத்தென்று பின்வாங்கும். மின்கம்பிகள் மெல்லியவையாக இருந்தால், மோட்டார் கடினமாக உழைக்கும் நேரத்தில் மின்னழுத்தம் சரிந்து கருவி நின்றுவிடும். இவை எவையும் திரையில் எண்களை மாற்றுவதால் தீர்வன அல்ல.

அடுத்து, சுக்கானை நேர்நடுவில் நிறுத்தி, நிலைகாட்டி சுழியைக் காட்டுகிறதா என்று சரிபார்க்க வேண்டும். பிறகு வலக்கோடிக்கும் இடக்கோடிக்கும் திருப்பி அக்கோணங்களைக் குறிக்க வேண்டும். இயந்திரத் தடை 35 பாகையில் இருக்குமாயின், கருவியின் எல்லையை அதற்குச் சில பாகைகள் முன்னதாகவே அமைப்பது முறை. இல்லையேல் இயக்கி தடையின்மீது மோதி மோதித் தன்னையும் கெடுத்துக்கொள்ளும், சுக்கானையும் கெடுக்கும். இறுதியாக, வலப்புறம் திரும்பு என்று கட்டளையிட்டால் சுக்கான் வலப்பக்கத் திருப்பத்துக்கு உரியவாறே நகர்கிறதா என்பதைக் கண்ணால் கண்டு உறுதிசெய்ய வேண்டும். மோட்டாரின் இரு கம்பிகள் இடம் மாறியிருந்தால், கருவி பிழையைத் திருத்துவதற்குப் பதிலாகப் பெருக்கிக்கொண்டே போகும். அதைக் கடலுக்குச் சென்றபின் கண்டுபிடிப்பது நல்லதன்று.

நிலைகாட்டி தொடர்பான மற்றொரு குற்றமும் கரையிலேயே வெளிப்படும். படகு அசையாமல் நிற்கும்போதும் சுக்கான் ஓயாமல் இடமும் வலமும் துடித்துக்கொண்டிருந்தால், கருவிக்கு விடப்பட்ட அசையா இடைவெளி மிகக் குறுகலானது என்று பொருள். அவ்வளவைச் சிறிது சிறிதாகக் கூட்டி, துடிப்பு நிற்கும் இடத்தில் நிறுத்த வேண்டும்.

திசைகாட்டியைச் சுற்றுதல்

இனிக் கடலில் செய்ய வேண்டியவை. காந்தத் திசைகாட்டி புவியின் காந்தப் புலத்தை மட்டும் உணர்வதில்லை. படகின் எஃகு, இயந்திரம், மின்கம்பிகள், ஒலிபெருக்கியின் காந்தம் ஆகிய அனைத்தும் அதன்மீது செல்வாக்குச் செலுத்துகின்றன. இவற்றால் விளையும் பிழை விலக்கம் எனப்படும். படகு நோக்கும் திசைக்கு ஏற்ப விலக்கம் மாறும். வடக்கு நோக்கும்போது இரண்டு பாகை வலமாகத் தவறும் திசைகாட்டி, கிழக்கு நோக்கும்போது ஏழு பாகை இடமாகத் தவறக்கூடும்.

புவியின் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாடாகிய காந்த ஒதுக்கம், இந்தியாவைச் சூழ்ந்த கடல்களில் சில பாகைகளுக்கு மேற்படுவதில்லை. ஆனால் எஃகுப் படகு ஒன்றின் விலக்கம் அதைப் பன்மடங்கு விஞ்சக்கூடும். கடற்பயணத்தில் ஒரு பாகைப் பிழை, 60 கடல்மைல் தொலைவில் ஏறத்தாழ ஒரு கடல்மைல் விலகலாகிறது. ஐந்து பாகைப் பிழையுடன் இரவு முழுவதும் செல்லும் படகு விடியலில் எங்கே நிற்கும் என்பதை இக்கணக்கு காட்டிவிடும்.

விலக்கத்தை அறியப் படகை முழு வட்டமாகத் திருப்ப வேண்டும். இது திசைகாட்டியைச் சுற்றுதல் என்று வழங்குகிறது. அமைதியான நீர், போதிய ஆழம், பிற கலங்கள் இல்லாத பரப்பு ஆகிய மூன்றும் இதற்குத் தேவை. ஒரு வட்டத்தை நிறைவு செய்ய ஒன்று முதல் மூன்று நிமிடங்கள் வரை எடுத்துக்கொள்ளும்படி மெதுவாகச் சுற்றுவது வழக்கம். விரைந்து திருப்பினால் படகு சாயும், உணர்வியும் பின்தங்கும். அவ்வாறு கிடைத்த அளவு பயன்படாது. இன்றைய கருவிகள் ஒன்றிரண்டு வட்டங்களில் விலக்கத்தைத் தாமே கணித்து, திருத்தப் பட்டியலையும் தம்முள் பதித்துக்கொள்கின்றன. இறுதியில் திரையில் தோன்றும் பெரும விலக்க எண்ணைக் குறித்துக்கொள்வது அவசியம். அது 15 பாகையை எட்டினாலோ மீறினாலோ, திருத்தத்தை நம்பி இருந்துவிடாமல், உணர்வியை வேறிடத்துக்கு மாற்றுவதே அறிவுடைமை. எஃகுப் பொருள்களுக்கும் மின்கம்பிகளுக்கும் அப்பால், படகின் நடுப்பகுதியில், இயன்றவரை தாழ்வான இடமே உணர்விக்கு உகந்தது. உணர்விக்கு அருகிலுள்ள பெட்டியில் பின்னர் யாரேனும் திருப்புளியையோ கத்தியையோ வைத்துவிட்டால், செய்த பணி அனைத்தும் வீணாகும்.

விலக்கம் திருத்தப்பட்டபின் ஒரு நிலையான பிழை எஞ்சியிருக்கலாம். உணர்வியைப் படகின் நீள அச்சுக்குச் சிறிது கோணலாகப் பொருத்தியிருந்தால், எல்லாத் திசைகளிலும் ஒரே அளவு தவறும். கரையில் உள்ள இரு வழிகாட்டிக் குறிகள் ஒரே கோட்டில் தெரியுமாறு படகைச் செலுத்தி, வரைபடம் கூறும் திசையோடு ஒப்பிட்டு இதனைத் திருத்தலாம். செயற்கைக்கோள் கருவி காட்டும் பயணத் திசையையே சான்றாகக் கொள்வோர், நீரோட்டமும் பக்கக் காற்றும் இல்லாத வேளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். செயற்கைக்கோள் கருவி கூறுவது படகு நகரும் திசை. திசைகாட்டி கூறுவது படகின் முகப்பு நோக்கும் திசை. நீரோட்டத்தில் இவை இரண்டும் வேறுபடும்.

தும்பாவும் தென்கடலும்

இந்தியாவில் அளவமைக்கப்படும் திசைகாட்டிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. புவியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனைக்கு அருகே செல்கிறது. 1963-ல் முதல் ஆய்வு ஏவூர்தியை ஏவுவதற்குத் தும்பா தேர்ந்தெடுக்கப்பட்டதற்கும் இதுவே காரணம். காந்த நடுக்கோட்டில் புவியின் காந்தப் புலம் தரைக்கு இணையாக இருக்கிறது. கீழ்நோக்கிய சரிவு ஏறத்தாழ இல்லை. எனவே திசைகாட்டியைத் திருப்பும் விசை இங்கு வலுவாக இருக்கிறது. படகில் செங்குத்தாக நிற்கும் எஃகுப் பாகங்கள் புவிப் புலத்தால் காந்தமேறுவதும் மிகக் குறைவு.

ஆனால் படகு தெற்கே வெகுதூரம் செல்லும்போது நிலை மாறுகிறது. ஆஸ்திரேலியாவின் பிரிமாண்டில், நியூசிலாந்தின் லிட்டெல்டன் ஆகிய துறைமுகங்களில் காந்தச் சரிவு 60 பாகைக்கு மேல் உள்ளது. திசைகாட்டியைத் திருப்பும் கிடை விசை அங்கு தும்பாவில் உள்ளதன் பாதியை ஒட்டியதாகிறது. செங்குத்தான எஃகுப் பாகங்களும் வலுவாகக் காந்தமேறுகின்றன. படகு சாயும்போது பிழையும் கூடுகிறது. இந்தியக் கடற்படையின் பாய்மரக் கலமான 'தாரிணி', 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து புறப்பட்டு, தில்னா, ரூபா ஆகிய இரு பெண் அதிகாரிகளை மட்டும் கொண்டு, இவ்விரு துறைமுகங்களின் வழியாக உலகைச் சுற்றி 2025 மே மாதத்தில் திரும்பியது. அத்தகைய பயணத்தில் கோவாவில் செய்த அளவமைப்பு இறுதிவரை போதுமென்று இருந்துவிட இயலாது. நெடுந்தொலைவு வடக்கிலோ தெற்கிலோ சென்றபின் திசைகாட்டியை மீண்டும் சுற்றிப் பார்ப்பது நல்ல வழக்கம். நாட்டின் கடற்பரப்புக்குள் தொழில் செய்யும் படகுக்கு இத்தேவை எழுவதில்லை. எனினும் எஃகு வேலை, இயந்திர மாற்றம், புதிய கருவி பொருத்துதல் ஆகியவற்றுக்குப் பின் மறு அளவமைப்பு இன்றியமையாதது.

இசைவாக்கம்

அளவுகள் சரியானபின் இசைவாக்கத்தைத் தொடங்கலாம். மினோர்ஸ்கி கண்ட மூன்று உறுப்புகளும் இங்கு மூன்று அமைப்புகளாக வருகின்றன.

முதலாவது சுக்கான் விகிதம். பத்துப் பாகை விலக்கத்துக்கு ஐந்து பாகை சுக்கான் கொடுக்கும் கருவியின் விகிதம் அரை. விகிதம் குறைவாயின் படகு சோம்பலாக அலைந்து, நெடுநேரம் கழித்தே திசைக்குத் திரும்பும். மிகுதியாயின் திசையைத் தாண்டி மறுபக்கம் செல்லும், மீண்டும் இப்பக்கம் வரும். படகின் பின்னே நீர்த்தடம் பாம்புபோல் வளைந்து கிடக்கும். பின்புறம் திரும்பி நீர்த்தடத்தைப் பார்ப்பதே இசைவாக்கத்தில் மிக எளிய, மிக நம்பகமான அளவுகோல்.

இரண்டாவது எதிர்ச்சுக்கான். படகு திசையை நெருங்கும்போதே, அது தாண்டிப் போகாதபடி சுக்கானை எதிர்ப்பக்கம் சிறிது திருப்பித் தடுக்கும் செயல் இது. கனமான, நீண்ட கலத்துக்கு இது மிகுதியாகவும், இலேசான படகுக்குக் குறைவாகவும் தேவைப்படும். அளவு மீறினால் படகு திசையை அடையுமுன்பே தயங்கித் தயங்கி நிற்கும்; அலையின் ஒவ்வோர் அசைவுக்கும் சுக்கான் துடிக்கும்.

மூன்றாவது நிலைத் திருத்தம். வலப்புறக் காற்று நெடுநேரம் வீசினால் படகை நேராக வைத்திருக்கச் சில பாகை சுக்கான் நிரந்தரமாகத் தேவைப்படும். விகிதம் மட்டும் உள்ள கருவி இச்சுக்கானைப் பெறுவதற்காகவே எப்போதும் சில பாகை விலகி நிற்கும். நிலைத் திருத்தம் இவ்விலக்கத்தைக் காலப்போக்கில் தொகுத்து நீக்குகிறது. இதனை மிக விரைவாக அமைத்தால் படகு நீண்ட, மெதுவான அலைச்சலுக்கு உள்ளாகும்.

சோதனை எளியது. வழக்கமான பயண வேகத்தில், அமைதியான நீரில், 40 பாகைத் திசைமாற்றத்துக்குக் கட்டளையிட வேண்டும். படகு தயங்காமல் திரும்பி, புதிய திசையைச் சிறிதளவே தாண்டி, உடனே நிலைகொள்ள வேண்டும். தாண்டுதல் ஐந்து பாகைக்குள் இருத்தல் நலம். மிகையாகத் தாண்டினால் எதிர்ச்சுக்கானைக் கூட்டலாம். திரும்புவதே மந்தமாயின் விகிதத்தைக் கூட்டலாம். ஒரே நேரத்தில் ஓர் அமைப்பை மட்டுமே மாற்ற வேண்டும். மாற்றிய எண்ணையும் கண்ட விளைவையும் உடனுக்குடன் குறிக்க வேண்டும். தொழிற்சாலைக் கருவிகளுக்காக ஜீக்லர், நிக்கோல்ஸ் என்னும் இருவர் 1942-ல் வகுத்த முறையிலும் இத்தகைய ஒழுங்கே காணப்படுகிறது. அமைப்பு ஓயாமல் ஊசலாடத் தொடங்கும் எல்லையை முதலில் கண்டு, அதிலிருந்து போதிய அளவு பின்வாங்கி நிற்பது அவர்கள் காட்டிய வழி.

வேகம் மாறும்போது இசைவும் மாறும் என்பதை மறக்கலாகாது. சுக்கானின் விசை நீரின் வேகத்தின் இருபடியைச் சார்ந்தது. வேகம் இருமடங்கானால் அதே கோணத்தில் விசை நான்கு மடங்காகிறது. ஆகையால் வேகமாகச் செல்லும்போது சிறிய சுக்கானும், வலையை இழுத்து மெதுவாகச் செல்லும்போது பெரிய சுக்கானும் தேவை. வேகச் செய்தியைப் பெறும் கருவிகள் இதனைத் தாமே செய்துகொள்கின்றன. பெறாதவற்றில் ஒவ்வொரு பணிக்கும் தனி அமைப்பைக் குறித்து வைத்திருக்க வேண்டும்.

கடல் கொந்தளிக்கும்போது கருவியைச் சற்றே பொறுமையாக இருக்க விடுவது நலம். ஓர் அலை முகப்பை ஐந்து பாகை தள்ளினால், அடுத்த அலை பெரும்பாலும் அதைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுகிறது. ஒவ்வோர் அசைவையும் எதிர்த்துப் போராடும் சுக்கான் நீரில் தடையாக நின்று படகின் வேகத்தைக் குறைக்கிறது, மின்கலத்தையும் எரிபொருளையும் தின்கிறது, இயக்கியைத் தேய்க்கிறது. பெரிய எண்ணெய்க் கப்பல்களுக்காக ஸ்வீடனில் கார்ல் யோஹான் ஆஸ்ட்ரமும் அவருடைய துணைவர்களும் 1970-களில் தம்மைத் தாமே இசைவாக்கிக்கொள்ளும் கருவிகளை உருவாக்கினர். திசை பிசகாமையும் சுக்கான் சிக்கனமும் ஒன்றையொன்று எதிர்ப்பவை. இரண்டுக்கும் இடையே நடுநிலை காண்பதே இசைவாக்கத்தின் சாரம்.

படகே செம்மையாக இருத்தல்

எந்தக் கருவியும் சமநிலையற்ற படகைச் செம்மைப்படுத்திவிடாது. இதற்கு இந்தியாவில் கட்டப்பட்ட படகு ஒன்றே சிறந்த சான்று. பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட, 32 அடி நீளமுள்ள 'சுஹைலி'யில் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968 ஜூன் 14 அன்று இங்கிலாந்தின் பால்மத் துறைமுகத்திலிருந்து தன்னந்தனியே புறப்பட்டு, எங்கும் நில்லாமல் உலகைச் சுற்றி, 312 நாட்களுக்குப் பின் 1969 ஏப்ரல் 22 அன்று அங்கேயே திரும்பினார். தனியொருவராக இடைநில்லாது உலகைச் சுற்றியோரில் அவரே முதல்வர். காற்றின் திசையைக் கொண்டு இயங்கிய அவருடைய தானே செலுத்தும் கருவி பயணத்தின் நடுவே பழுதாகிப் பயனற்றுப் போயிற்று. அதன்பின் பாய்களின் இழுப்பைச் சமன்செய்து, படகு தானே திசை பிடிக்குமாறு அமைத்து எஞ்சிய பெருந்தொலைவைக் கடந்தார்.

அப்பயணத்தின் நினைவாக நடைபெறும் கோல்டன் குளோப் போட்டியில் மின்னணுத் தானியங்கிச் சுக்கானுக்கு இடமில்லை; காற்றுத்தகட்டால் இயங்கும் கருவிக்கு மட்டுமே அனுமதி உண்டு. அப்போட்டியில் 2023-ல் இந்தியாவின் அபிலாஷ் டோமி இரண்டாம் இடம் பெற்றார். இவற்றிலிருந்து பெறத்தக்க பாடம் இயந்திரப் படகுக்கும் பொருந்தும். சரக்கு ஒரு பக்கம் குவிந்து படகு சாய்ந்திருந்தாலோ, அணியம் மூழ்கிப் பின்புறம் உயர்ந்திருந்தாலோ, அடிப்பகுதியில் சிப்பிகள் படிந்திருந்தாலோ சுக்கான் ஓயாமல் உழைக்க வேண்டியிருக்கும். அந்நிலையில் செய்யும் இசைவாக்கம், படகு சீரானதும் பொருந்தாமல் போகும்.

கருவி அறியாதவை

நன்கு அளவமைத்து இசைவாக்கிய கருவியும் தனக்குச் சொல்லப்பட்டதை மட்டுமே அறியும். 1995 ஜூன் 10 அன்று, பெர்முடாவிலிருந்து பாஸ்டனுக்குச் சென்ற 'ராயல் மெஜஸ்டி' என்னும் பயணிகள் கப்பல், அமெரிக்காவின் நான்டக்கெட் தீவுக்குக் கிழக்கே மணல்திட்டில் தரைதட்டியது. செயற்கைக்கோள் கருவியின் வான்கம்பி இணைப்பு புறப்பட்ட சிறிது நேரத்திலேயே கழன்றிருந்தது. அக்கருவி, கடந்த வேகத்தையும் திசையையும் கொண்டு இடத்தை ஊகிக்கும் நிலைக்கு மாறிவிட்டது. தானியங்கிச் சுக்கான் அந்த ஊக இடத்தையே உண்மையெனக் கொண்டு ஏறத்தாழ 34 மணிநேரம் கப்பலைச் செலுத்தியது. தரைதட்டியபோது கப்பல் தன் வழியிலிருந்து சுமார் 17 கடல்மைல் விலகியிருந்தது. கப்பலில் இருந்த 1,500-க்கும் மேற்பட்டோருக்கு உயிர்ச்சேதம் இல்லை என்பது ஆறுதல். சுக்கானில் பழுதில்லை. வேறொரு வழியில் இடத்தைச் சரிபார்க்கும் கடமையைத்தான் பணியில் இருந்தோர் கைவிட்டிருந்தனர்.

அதற்கும் முன்பே, 1967 மார்ச் 18 அன்று 'டோரி கேன்யன்' என்னும் எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்தின் தென்மேற்கே பாறையில் மோதி, கடற்கரைகளைக் கச்சா எண்ணெயில் மூழ்கடித்தது. இறுதி நிமிடங்களில் கப்பலைத் திருப்பச் சக்கரத்தைச் சுழற்றியபோது, தேர்வு நெம்புகோல் கைச்சுக்கானுக்கு உரிய நிலையில் இல்லாததால் கப்பல் திரும்பவில்லை. அதைக் கண்டு சரிசெய்வதற்குள் காலம் கடந்துவிட்டது.

கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் ஐந்தாம் இயலில் இன்றுள்ள விதி இத்தகைய அனுபவங்களின் வழிவந்ததே. கப்பல்கள் மிகுந்த பகுதியிலும், பார்வை குன்றிய நேரத்திலும், பிற ஆபத்தான சூழ்நிலைகளிலும் உடனடியாகக் கைச்சுக்கானுக்கு மாற இயல வேண்டும் என்று அவ்விதி கூறுகிறது. தானியங்கிச் சுக்கானை நீண்ட நேரம் பயன்படுத்திய பின்னரும், தனிக் கவனம் தேவைப்படும் நீர்ப்பரப்பில் நுழையும் முன்னரும் கைச்சுக்கானைச் சோதிக்க வேண்டும் என்றும் அது வலியுறுத்துகிறது. மோதல் தவிர்ப்புக்கான 1972-ஆம் ஆண்டு விதிகளின் ஐந்தாம் விதி, கண்ணாலும் காதாலும் இடையறாத கண்காணிப்பை ஒவ்வொரு கலத்துக்கும் கடமையாக்குகிறது. தானியங்கிச் சுக்கானுக்குக் கண்ணில்லை. எதிரே வரும் கப்பலோ, விளக்கற்ற கட்டுமரமோ அதற்குத் தெரியாது. சுக்கான் பிடிக்கும் கை ஓய்வு பெறலாம்; கண்காணிக்கும் கண்ணுக்கு ஓய்வில்லை.

செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து சில நடைமுறை முடிவுகளைப் பெறலாம். அரசின் உதவியோடு வாங்கப்படும் கலங்களில் இக்கருவி இடம்பெறுமாயின், பொருத்திய சான்று மட்டும் போதுமானதாகக் கொள்ளப்படலாகாது. கடற்சோதனைப் பதிவும் உடன் பெறப்பட வேண்டும். சுக்கானின் நடுநிலையும் இரு எல்லைகளும், திசைகாட்டியின் பெரும விலக்கம், நிலையான பிழையின் திருத்தம், மூன்று இசைவு எண்கள், சோதனை நடந்த வேகம், கடல்நிலை, நாள் ஆகியவை ஒரே தாளில் அடங்கும். அத்தாளின் ஒரு படி படகிலும் மற்றொரு படி கரையிலும் இருக்குமானால், கருவி பழுதாகி எண்கள் அழிந்தாலும் ஒரு நாளில் மீட்டுவிடலாம். கலத்தின் விலையோடு ஒப்பிட்டால் கடற்சோதனைக்கு ஆகும் ஒரு நாள் செலவு மிகச் சிறியது.

1963-ல் கொச்சியில் தொடங்கப்பட்டு, சென்னையிலும் விசாகப்பட்டினத்திலும் கிளைகளைக் கொண்ட மத்திய மீன்வளக் கடல்சார் பொறியியல் பயிற்சி நிறுவனம் போன்ற அமைப்புகளில் பயில்வோர், திசைகாட்டியைச் சுற்றுவதையும் 40 பாகைச் சோதனையையும் தம் கையால் செய்து பழகுவது பெரும்பயன் தரும். கருவியை நிறுத்திக் கைச்சுக்கானுக்கு மாறும் முறை, படகில் உள்ள ஒவ்வொருவருக்கும் இருளிலும் தெரிந்திருக்க வேண்டும். அம்முறையைப் பணியாளர்களின் தாய்மொழியில் எழுதிச் சக்கரத்தின் அருகே ஒட்டுவதற்குச் செலவு ஏதுமில்லை.

படகைத் தன் உடலின் நீட்சிபோல் உணர்ந்த மூத்த சுக்கானிகள் பலர் இந்நாட்டின் கடற்கரைகளில் உள்ளனர். எந்தக் காற்றில் எவ்வளவு சுக்கான் கொடுக்க வேண்டும், எந்த அலையை எதிர்க்காமல் விட வேண்டும் என்பதை அவர்கள் நூல் படித்துக் கற்கவில்லை. கடற்சோதனை நாளில் அத்தகைய ஒருவரைப் படகில் உடன் நிறுத்தி, கருவி படகைச் செலுத்தும் விதம் பற்றி அவருடைய கருத்தைக் கேட்டறிந்து எண்களை அமைப்பது, பொறியாளருக்கும் நன்று, படகுக்கும் நன்று. மினோர்ஸ்கி தம் கணிதத்தைத் தொடங்கியதும் அத்தகைய சுக்கானி ஒருவரைக் கூர்ந்து கவனித்துத்தான்.